தண்ணி வேலைக்கு புதுசா வர்றீங்களா, யார்கிட்ட இன்னா கத்துக்கணும்னு சொல்றேன்

வேலூர் பக்கம் நீர்வடிப்பகுதி வேலை பாக்கற சின்ன தொண்டு நிறுவனம் ஒன்னுல ஃபீல்டு ஸ்டாஃபா சேரப்போறேன்ணா, இன்னா படிச்சிட்டு வரணும்னு அப்பப்போ யாராவது கேட்டுக்கினே இருக்காங்க. ஒவ்வொருத்தருக்கா வாய்ஸ் மெசேஜ் அனுப்பி தொண்ட கட்டிப்போச்சு, அதனால மொத்தமா எழுதிடறேன்.

முதல்ல அந்த நீர்வடிப்பகுதிங்கற பேரு. ஒரு எடத்துல பெய்யற மழையெல்லாம் ஓடி வந்து ஒரே வாய் வழியா வெளிய போகுதுன்னா, அந்த வாய்க்கு மேல கீற மலை, கொல்லி (அதான் மானாவாரி நெலம்), கழனி, ஊரு எல்லாம் சேந்து ஒரு நீர்வடிப்பகுதி. அவ்ளோதான். ஊர்ல போய் இந்த வார்த்தைய சொன்னீங்கன்னா வட்டிக்கு உடற ஆளுன்னு நெனச்சிப்பாங்க, "கானாத்து தண்ணி எங்கேருந்து வருது"ன்னு கேளுங்க (கானாறுன்னா மழைக்கு ஓடற காட்டு ஓடை), நாலு பேரு கை காட்டுவாங்க.

ஒரு கணக்கு மட்டும் மனசுல வெச்சிக்கினு வாங்க. ஒரு ஏக்கர்ல ஒரு சென்டிமீட்டர் மழை பெஞ்சா ஏறக்குறைய 40,000 லிட்டர், 12,000 லிட்டர் டேங்கர் லாரியில மூணு லோடுக்கு மேல. நம்ம பக்கம் தென்மேற்கும் பெய்யுது, வடகிழக்கும் பெய்யுது, மழையே இல்லாத ஊருன்னு சொல்ல முடியாது. ஆனா பெய்யறது நாலஞ்சு பேய் மழையா வந்து கொட்டிட்டு ஓடிடும், அடியில பாறை, மேல கொஞ்சூண்டு மண்ணு. ஓடறத நடக்க வை, நடக்கறத நிக்க வை, நிக்கறத எறங்க வைன்னு எங்க எஞ்சினியர் சொல்லுவாரு, வேலை மொத்தமே அதுதான்.

சரி, ஆளுங்களுக்கு வரேன். ஆபீஸ்ல நீங்க முதல்ல ஃப்ரெண்ட் புடிக்க வேண்டியது ஜீப் ஓட்டற அண்ணன. சிரிக்காதீங்க. எந்த கானாறு எந்த மழைக்கு ரோட்ட வெட்டும், எந்த ஊர்ல ரெண்டு தெருவுக்கு பேச்சுவார்த்த இல்ல, எந்த தலைவர் வீட்ல காலையில போனா டீ கெடைக்கும் சாயங்காலம் போனா சண்ட கெடைக்கும், எல்லாம் அவருக்கு அத்துப்படி. நான் எம்எஸ்டபிள்யூ, அதான் சமூகப்பணி படிப்பு, முடிச்சிட்டு லேப்டாப் பையோட வந்தவன், முத வாரம் பின் சீட்ல ஒக்காந்துக்கினு போனையே பாத்துக்கினு வந்தேன். "முன்னாடி வந்து ஒக்காரு தம்பி, ரோட்ட பாரு, எது ஓடை எது மேடுன்னு தெரியும்"னாரு. அதுக்கப்புறம்தான் கண்ணு தொறந்துச்சு.

அடுத்தது எஞ்சினியர். பெரும்பாலும் டிப்ளமா சிவில் முடிச்ச ஆளா இருப்பாரு. அவர்கிட்ட டியூப் லெவல் கத்துக்கோங்க. பத்து பதினஞ்சு மீட்டர் கண்ணாடி மாதிரி தெரியற பிளாஸ்டிக் டியூபு, ரெண்டு முனையிலயும் அளவு போட்ட கம்பு, உள்ள தண்ணி. ரெண்டு பக்கமும் தண்ணி ஒரே அளவுல நின்னா அந்த ரெண்டு எடமும் ஒரே மட்டம், அந்த கோட்டுலயே சுண்ணாம்பு போட்டு வரப்போ குழியோ எடுக்கணும். டியூப்ல ஒரு சின்ன காத்து முட்ட நின்னாலும் கணக்கு தப்பிடும், அத வெரலால சுண்டி சுண்டி மேல ஏத்தி வெளிய அனுப்பணும், வெயில் ஏறிடுச்சின்னா முட்ட நெறைய வரும், அதனால காலையில ஆறரைக்கே எறங்கிடுங்க. குழிக்கு ஒரு சுலப அளவு: நாலு மீட்டர் நீளம், அர மீட்டர் அகலம், அர மீட்டர் ஆழம், அப்படி வெட்னா ஒரு கன மீட்டர், அதாவது வீட்டு மாடியில வெக்கிற ஆயிரம் லிட்டர் டேங்க் ஒன்னு. வெட்டுன மண்ண குழிக்கு கீழ் பக்கம் கொட்டணும். மேல் பக்கம் கொட்னா முத மழைக்கே திரும்ப குழிக்குள்ளயே வந்து ஒக்காந்துக்கும்.

கல் தடுப்புல, அதாவது தண்ணி வேகத்த கொறைக்க ஓடைக்கு குறுக்க கல்ல அடுக்கறதுல, நான் பண்ண கூத்த சொல்லிடறேன், நீங்களாவது தப்பிச்சிக்கோங்க. சேந்த ரெண்டாவது வருஷம், எஞ்சினியர் லீவு, மலையடிவாரத்துல ஒரு ஓடையில நானே நின்னு கட்ட வெச்சேன். பாக்க செவுரு மாதிரி நேரா, அழகா இருந்துச்சு, போட்டோ எடுத்து குரூப்ல போட்டேன், கைதட்டல் எல்லாம் வந்துச்சு. ஐப்பசியில ஒரே ராத்திரி மழ, காலையில போய் பாத்தா கல்லு அப்படியே நிக்குது, தண்ணி பக்கத்து கரைய அறுத்துக்கினு ஒரு கொல்லிக்குள்ள பூந்து வேர்க்கடலைய வாரிக்கினு போயிருக்கு. நடுவுல பள்ளம் உடணும், ரெண்டு ஓரமும் ஒசந்து கரைக்குள்ள ரெண்டடி புதைஞ்சி இருக்கணும், அப்பத்தான் வர்ற தண்ணி நடுவாலயே வழிஞ்சி போவும். பெரிய கல்லு கீழ் பக்கமும் மேல் வரிசையிலயும். வேலைய மலை உச்சியிலேருந்து ஆரம்பிச்சு கீழ வரணும், கீழேருந்து கட்னா மேல கீற மண்ணெல்லாம் வந்து அத மூடிடும். அந்த கொல்லிக்கார அம்மாகிட்ட போய் நின்னப்ப அவங்க திட்டவே இல்ல, "கட்டறதுக்கு முன்னாடி எங்கள ஒரு வார்த்த கேட்டிருக்கலாம் இல்ல"ன்னாங்க. திட்டியிருந்தா பரவால்லன்னு இருந்துச்சு.

கேக்கறதுக்குன்னே ஆபீஸ்ல ஒரு அக்கா இருப்பாங்க, பேப்பர்ல சமூக அமைப்பாளர். ஊர்ல குழு போடறது, கோலப்பொடில தெருவுல ஊர் மேப் போட வெக்கிறது, நெட் பிளானிங் எல்லாம் அவங்க கையில. நெட் பிளானிங்னா ஒவ்வொரு கொல்லியா போய், அந்த நெலத்துக்காரரையும் அவர் வீட்டம்மாவையும் நிக்க வெச்சு, இந்த மூலையில வரப்பு வேணுமா, பண்ணக்குட்ட வேணுமா, எந்த மரம் வெக்கலாம்னு பேசி எழுதறது. நம்ம அக்கா ஒரு வேலை செய்வாங்க, வீட்டுக்காரர் பேசி முடிச்சதும் உடனே எழுத மாட்டாங்க, அந்தம்மா மூஞ்ச பாத்துக்கினு சும்மா நிப்பாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு அந்தம்மா மெதுவா, "அங்க இல்லைங்க, தண்ணி இந்தாண்டதான் ஏறும், களை எடுக்கறப்ப காலு பொதையும்"னு சொல்லும். அதுதான் சரியா இருக்கும். இந்த சும்மா நிக்கிற வித்தைய நான் இன்னும் முழுசா கத்துக்கல.

எல்லா ஊர்லயும் நாகநதி ஆத்து பேச்சு வரும், அங்க நூறு நாள் வேலைக்கு போன பொம்பளைங்க சிமென்ட் ஒற எறக்கி, மழைத்தண்ணிய நெலத்துக்குள்ள எறக்கற ஊறல் கெணறு வெட்னாங்க, 2021 செப்டம்பர்ல பிரதமரே ரேடியோவுல சொன்னாரு. எங்க ஊருக்கும் அதே மாதிரி வேணும்னு கேப்பாங்க. உடனே சரின்னு தலையாட்டாதீங்க, ஓடை மண்ணு எப்படி, பாறை எத்தன அடியில வருதுன்னு பாத்துட்டு பேசுங்க. அதே மாதிரி டீக்கடையில பாலாறு பேச்சும் வரும், ஆத்து தண்ணி பத்தி 1892ல போட்ட மெட்ராஸ்-மைசூர் ஒப்பந்தம், ஆந்திராக்காரன் புல்லூர்ல தடுப்பணைய ஒசத்துனது, தோல் தொழிற்சாலை கழிவு, அதுக்கு வந்த 1996 சுப்ரீம் கோர்ட் தீர்ப்புன்னு ஒரு மணி நேரம் ஓடும். எல்லாமே நெசமான கோவம்தான், காது குடுத்து கேளுங்க. 348 கிலோமீட்டர் ஆத்துல 222 நம்ம தமிழ்நாட்டுலதான் ஓடுது, அதுக்கு வர்ற நம்மூர் ஓடைய நாம பாக்கலாம்னு கடைசியா ஒரு வார்த்த சொல்லி வேலைக்கு இழுத்துக்கினு வந்துடுங்க.

கணக்கு பாக்கற அக்காவ பகைச்சிக்காதீங்க. மஸ்டர் ரோல்ல, அதான் கூலிக்காரங்க வருகைப் பதிவேட்ல, கைநாட்டு கலங்கியிருந்தா, அளவு புக்குல அடிச்சு திருத்தியிருந்தா, திருப்பி அனுப்பிடுவாங்க, நீங்க இருவது கிலோமீட்டர் பைக்ல போய் கூலிக்காரங்கள தேடி திரும்ப கையெழுத்து வாங்கிக்கினு வரணும். எரிச்சலா இருக்கும். ஒரு தடவ மேல ஒரு ஆபீஸ்லேருந்து மூணு வருஷத்து பில்ல ஒட்டுக்கா கேட்டாங்க, கூலி பணம் நாலு மாசம் நின்னுபோச்சு, அந்த அக்கா கட்டு கட்டா கட்டி வெச்சிருந்த வவுச்சர்தான் எங்கள காப்பாத்துச்சு. கோஆர்டினேட்டர் சார் பத்தி பெருசா சொல்ல ஒன்னுமில்ல, பாதி நாள் நிதி கேட்டு எழுதற புரபோசல், மீதி நாள் மீட்டிங், பாவம்.

சம்பள லிஸ்ட்ல இல்லாத ஆள் ஒருத்தர் கீறாரு, ஏரிக்கு நீர்கட்டி. மதகு தொறக்கறது, ஏரி ரொம்புனா தண்ணி வழியற கலங்கல் பாக்கறது, கழனிக்கு மொற வெச்சு தண்ணி உடறதுன்னு தலைமொறையா பண்ணவங்க. இப்ப ஏரியே ரொம்பாததால பல ஊர்ல அந்த வேலை நின்னுபோயி, பெரியவர் மாடு மேச்சிக்கினு இருப்பாரு. தேடி புடிங்க. வெத்தல பாக்கு வாங்கிக்கினு போங்க. வரத்துக் கால்வாய் எங்கேருந்து கெளம்புது, எங்க சீமைக்கருவேல அடைச்சிருக்கு, எங்க வீடு வந்துடுச்சின்னு நடந்துக்கினே காட்டுவாரு. சர்வே வரைபடத்தையும் கையில வெச்சிக்கினு நடங்க, ரெண்டும் எங்க மாறுதோ அங்க பென்சில்ல ஒரு பெருக்கல் குறி போட்டுக்கோங்க. ஆக்கிரமிப்புன்னு அங்கயே வாயத் தொறந்து சொல்லிடாதீங்க, அப்பறம் அந்த தெருவுல யாரும் தண்ணி கூட குடுக்க மாட்டாங்க.

இன்னொன்னு, கெணத்துல தண்ணி மட்டம் அளக்கறது. இது புதுசா வர்றவங்க தலையிலதான் கட்டுவாங்க. டேப்பு முனையில ஒரு நட்டு கட்டிக்கோங்க, கெணத்து மேட்ல பெயின்ட்ல ஒரு புள்ளி வெச்சு, எப்பவும் அங்கேருந்துதான் எறக்கணும், நட்டு தண்ணிய தொடறப்ப "டப்"னு கேக்கும், அந்த அளவ எழுதுங்க. மாசம் ரெண்டு தடவ, அதே தேதி. மோட்டார் ஓடிக்கினு இருந்தா அளக்காதீங்க, நின்னு ரெண்டு மூணு மணி நேரமாவது ஆவட்டும். வீட்ல ஒக்காந்து குத்துமதிப்பா எழுதிடலாம்னு தோணும், வெயில் அப்படி. பண்ணாதீங்க, அந்த கெணத்துக்காரர் என்னைக்காவது நோட்ட வாங்கி பாப்பாரு.

மழை சீசன்ல ராத்திரி பெய்ய ஆரம்பிச்சா, விடிஞ்சதும் செல்போன பாலிதீன் கவர்ல போட்டுக்கினு யாரையும் எதிர்பாக்காம கெளம்புங்க. கானாறு இறங்கி ஓடறப்ப மட்டும் தாண்டாதீங்க, இந்தாண்டயே நில்லுங்க. எந்த குழி ரொம்பி வழிஞ்சிது, எது காஞ்சிருக்கு, எந்த கல் தடுப்ப சுத்திக்கினு தண்ணி போச்சுன்னு அந்த ரெண்டு மணி நேரத்துலதான் தெரியும், மத்தியானத்துக்குள்ள எல்லாம் வடிஞ்சிடும். போட்டோ எப்பவும் ஒரே எடத்துல நின்னு எடுங்க, ஒரு வேப்பமரமோ மின்கம்பமோ ஃப்ரேம்ல இருக்கணும். திரும்பி வர்றப்ப ஜீப் அண்ணனுக்கு ஒரு டீ சொல்லிடுங்க, சக்கர கம்மியா.