பீட்ரூட், உருளைக்கிழங்கு போதும்: செல் சவ்வை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம்

பரவல், சவ்வூடு பரவல், செயல்மிகு கடத்தல் என்று பாடத்தில் வரிசையாகப் படித்தால் பெயர்கள் மட்டும்தான் மனதில் தங்கும். செல்லைச் சுற்றி இருக்கும் சவ்வு என்ன செய்கிறது என்பது தங்காது. அதனால் பெயர்களைத் தள்ளி வைத்துவிட்டு, முதலில் சவ்வைக் கெடுத்துப் பார்ப்போம்.

தேவையானவை: ஒரு பீட்ரூட், ஒரே அளவில் இரண்டு உருளைக்கிழங்கு, சர்க்கரை, வெள்ளைக் கோப்பைகள் இரண்டு, குழிவான தட்டுகள் இரண்டு, குண்டூசிகள். அடுப்பும் கத்தியும் வேண்டும் என்பதால் சிறுவர்கள் என்றால் பெரியவர் ஒருவர் கூட இருக்கட்டும்.

படி 1: பீட்ரூட்

பீட்ரூட்டைத் தோல் சீவி, விரல் பருமனில் இரண்டு துண்டுகள் போடுங்கள். தண்ணீர் தெளிவாக வரும்வரை அலசுங்கள். கத்தி பட்ட இடத்தில் செல்கள் ஏற்கெனவே கிழிந்து சாயம் கசியும். அது முழுக்கப் போகாவிட்டால் சோதனையே வீண். ஒரு துண்டைக் குளிர்ந்த நீரிலும், இன்னொன்றைக் கொதித்து இறக்கிய நீரிலும் போட்டுப் பத்து நிமிடம் விடுங்கள்.

சுடுநீர் நன்றாகச் சிவந்துவிடும். குளிர்ந்த நீரில் லேசான நிறம் வந்தாலே அதிகம்.

பீட்ரூட்டின் சாயம் பீட்டாலைன். தண்ணீரில் எளிதாகக் கரையும். அப்படியானால் குளிர்ந்த நீருக்கு ஏன் வரவில்லை? சாயம் இருப்பது செல்லுக்குள் உள்ள நுண்குமிழியில். அதைச் சுற்றி ஒரு சவ்வு, அதற்கு வெளியே செல்லின் சவ்வு. இரண்டுமே கொழுப்பு மூலக்கூறுகள் இரண்டு அடுக்காக நின்று, இடையிடையே புரதங்கள் பதிந்த படலங்கள். செல் சவ்வின் தடிமன் ஏறக்குறைய 7 முதல் 8 நானோமீட்டர்தான். ஆனாலும் நீரில் கரையும் சாயத்தால் அதன் எண்ணெய்ப் பசை நடுப்பகுதியைத் தாண்ட முடியாது. சூடு பட்டதும் சவ்வு சிதைகிறது, சாயம் வெளியே கொட்டுகிறது.

படி 2: உருளைக்கிழங்குக் கிண்ணம்

ஒரு கிழங்கை வேகவைத்துக் கொள்ளுங்கள். குழையவிடாமல், வெந்ததும் எடுத்து ஆறவையுங்கள். மற்றது பச்சையாகவே இருக்கட்டும். இரண்டையும் தோல் சீவுங்கள். தோலில் மெழுகு போன்ற தக்கைப் படலம் இருப்பதால் தண்ணீர் எளிதில் நுழையாது. அடியைத் தட்டையாக வெட்டி, மேலே கரண்டியால் குழி தோண்டுங்கள். அடியில் ஓட்டை விழக்கூடாது.

இரண்டு குழியிலும் கெட்டியான சர்க்கரைக் கரைசலைப் பாதிவரை ஊற்றி, அதன் மட்டத்தில் குண்டூசி குத்தி அடையாளம் வையுங்கள். தட்டில் கிழங்கின் பாதி உயரத்துக்குப் பச்சைத் தண்ணீர் ஊற்றி, கிழங்கை வைத்துவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள். காலையில் வைத்தால் மாலையில் பார்க்கலாம்.

பச்சைக் கிழங்கில் மட்டம் ஊசிக்கு மேலே ஏறியிருக்கும். வெந்த கிழங்கில் அப்படி ஏறாது.

இதுதான் சவ்வூடு பரவல். சர்க்கரை தண்ணீரை ‘இழுக்கிறது’ என்று பேச்சில் சொல்கிறோம். உண்மையில் தண்ணீர் மூலக்கூறுகள் இரு பக்கமும் போய்வந்துகொண்டேதான் இருக்கின்றன. சர்க்கரை மிகுந்த பக்கத்துக்குப் போவது அதிகம், திரும்புவது குறைவு. தண்ணீரை விட்டு, சர்க்கரையைப் பெரும்பாலும் தடுக்கும் சவ்வு இருந்தால்தான் இந்த வித்தியாசம் நிலைக்கும். வெந்த கிழங்கில் சர்க்கரையும் தன் பாட்டுக்குக் கசிந்து போய்விடும்.

படி 3: கண்ணுக்குத் தெரியாதவை

ஆக்சிஜனும் கார்பன் டை ஆக்சைடும் கொழுப்பு அடுக்கில் நேராகவே நுழைந்துவிடும். தண்ணீர் அவ்வளவு வேகமாக நுழையாது. அதற்கென்று அக்குவாபோரின் என்ற புரதக் கால்வாய்கள் உண்டு. இதைக் கண்டறிந்த பீட்டர் ஆக்ருக்கு 2003-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

இதுவரை பார்த்த எதற்கும் செல் தன் ஆற்றலைச் செலவழிக்கவில்லை. செறிவு குறைந்த இடத்திலிருந்து மிகுந்த இடத்துக்கு ஒன்றைத் தள்ள வேண்டும் என்றால்தான், செல்லுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறான ஏடிபி செலவாகும். இதுதான் செயல்மிகு கடத்தல். நம் செல்களில் உள்ள சோடியம்-பொட்டாசியம் பம்பு ஒவ்வொரு ஏடிபிக்கும் மூன்று சோடியம் அயனிகளை வெளியே தள்ளி, இரண்டு பொட்டாசியம் அயனிகளை உள்ளே எடுக்கிறது. டென்மார்க்கின் யென்ஸ் ஸ்கோ இதை நண்டின் நரம்புகளில் கண்டு 1957-இல் வெளியிட்டார்.

இந்தப் பம்பு சோடியத்தை வெளியேற்றுவதால் குடல் செல்லுக்குள் சோடியம் குறைவாகவே இருக்கும். அதனால் குடலில் உள்ள சோடியம் உள்ளே வரப் பார்க்கும். வரும்போது குளுக்கோஸையும் சேர்த்து அழைத்து வரும் ஒரு புரதம் அங்கே இருக்கிறது. இரண்டும் உள்ளே போனால் தண்ணீரும் பின்னாலேயே போகும். காலராவில் வயிற்றுப்போக்கு கடுமையாக இருக்கும்போதும் இந்த வழி வேலை செய்கிறது. வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் உப்பு-சர்க்கரைக் கரைசலான ஓ.ஆர்.எஸ். நம்பியிருப்பது இதைத்தான். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் ஒரு லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ், 2.6 கிராம் உப்பு, கூடவே பொட்டாசியம் குளோரைடும் சிட்ரேட்டும்.

அதனால் பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுப் பாக்கெட்டையும் கரையுங்கள். குழந்தை குடிக்கவில்லையே என்று மேலே சர்க்கரை போடாதீர்கள். மிஞ்சிய சர்க்கரை குடலிலேயே நின்று, கிழங்குக் குழியில் நடந்ததுபோல் உடம்பின் தண்ணீரைக் குடலுக்குள் வரவைத்து, போக்கை இன்னும் அதிகமாக்கும்.