புலாவ் உபினுக்கு முதல்முறை போகிறவர்களுக்கு: கடல் உள்வாங்கும் நேரம் பார்த்துக் கிளம்புங்கள்

சாங்கி கடற்கரையில் நின்றால் எதிரே பச்சையாகத் தெரிவதுதான் புலாவ் உபின். ஏறக்குறைய 10 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள தீவு. சிங்கப்பூருக்குள்ளேயே இருப்பதால் கடப்பிதழ் வேண்டாம். நுழைவுக் கட்டணமும் கிடையாது. இவ்வளவு எளிது என்பதாலேயே பலர் ஞாயிறு பத்து மணிக்குமேல் கிளம்பிப் போய், உச்சி வெயிலில் சைக்கிள் மிதித்து, களைத்துத் திரும்புகிறார்கள். தீவின் ஆகச் சிறந்த இடமான செக் ஜாவா என்ற கடலோரச் சதுப்புநிலம், கடல் வற்றியிருக்கும்போதுதான் தன்னைக் காட்டும். ஆகவே திட்டத்தைக் கடலிடமிருந்து தொடங்குங்கள்.

1. நாளும் நேரமும்

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் கடல் மிக அதிகமாக ஏறி, மிக அதிகமாக இறங்கும். தினசரி நாள்காட்டியில் அந்த நாள்களைக் குறித்துக்கொண்டு, இணையத்தில் சிங்கப்பூரின் ஓத அட்டவணையை, அதாவது கடல் ஏறி இறங்கும் நேரப் பட்டியலைப் பாருங்கள். நீர்மட்டம் 0.5 மீட்டர் அல்லது அதற்கும் கீழே இறங்கும் நேரம் பகலில் வருகிறதா என்று தேடுங்கள். ஒவ்வொரு நாளும் அந்த நேரம் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும் என்பதால், ஒரு நாள் ஒத்துவராவிட்டாலும் அடுத்த நாள் ஒத்துவரலாம். செக் ஜாவா காலை 8.30 முதல் மாலை 6 மணி வரைதான் திறந்திருக்கும். இரண்டும் பொருந்த வேண்டும். கடல் மட்டம் ஆகக் குறைவாக இருக்கும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே அங்கே நிற்பதுபோல் பின்னோக்கிக் கணக்கிடுங்கள்.

2. பையில் என்ன

ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீராவது வேண்டும், ஏனெனில் கிராமத்தைத் தாண்டினால் கடை கிடையாது. தொப்பி, கொசு மருந்து, மழைச்சட்டை, ரொக்கப் பணம். தின்பண்டத்தைப் பிளாஸ்டிக் பையில் தொங்கவிட்டுக்கொண்டு நடக்காதீர்கள். அந்தச் சரசரப்பு நீண்டவால் குரங்குகளுக்கு நன்றாகத் தெரியும்.

3. படகு

தானா மேரா எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து 2ஆம் எண் பஸ், தெம்பனிஸிலிருந்து 29. சாங்கி வில்லேஜில் இறங்கினால் படகுத்துறை கூப்பிடு தூரம். படகுக்கு அட்டவணை இல்லை, முன்பதிவும் இல்லை. 12 பேர் சேர்ந்ததும் மரப்படகு கிளம்பும். காத்திருக்க விருப்பமில்லை என்றால் 12 பேருக்கான கட்டணத்தையும் நீங்களே கொடுத்துப் போகலாம். வார இறுதிக் காலையில் அந்தச் செலவு வீண், ஆள் தானாகச் சேர்ந்துவிடும். பயணம் பத்துப் பதினைந்து நிமிடம்.

4. நடையா, சைக்கிளா?

தீவில் இறங்கி இடப்பக்கம் திரும்பினால் கிராமமும் வாடகை சைக்கிள் கடைகளும். வலப்பக்கம் செக் ஜாவாவுக்குப் போகும் வழி. சைக்கிள் ஓட்டிப் பழக்கமில்லாதவர்களுக்கு நான் நடையையே சொல்வேன். ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர், முக்கால் மணி நேரம். கடைசிப் பகுதியில் மண்ணும் சரளையுமாக மேடு பள்ளம் வரும். எப்படியும் செக் ஜாவா வாசலில் சைக்கிளை விட்டுவிட்டுத்தான் உள்ளே நடக்க வேண்டும். மேலும், நடப்பவர்களுக்குத்தான் இருவாச்சியின் குரல் கேட்கும். சிங்கப்பூரில் காணாமல்போயிருந்த இந்தப் பறவை 1994-ல் மறுபடியும் தென்பட்டது இந்தத் தீவில்தான். காட்டுப்பன்றி குறுக்கே வந்தால் நின்று வழிவிடுங்கள். குட்டிகளோடு இருந்தால் இன்னும் விலகியே நில்லுங்கள். உணவு மட்டும் கொடுக்கவே கூடாது. முள்ளுப் பழம் விழும் காலமான ஜூன் முதல் ஆகஸ்ட் வரை டுரியான் மரத்தடியில் இளைப்பாறுவதும் நல்லதல்ல!

5. செக் ஜாவா

இங்கே அவசரப்படாதீர்கள். இரண்டு பலகைப் பாதைகள் இருக்கின்றன: ஒன்று கடலோரமாக, மற்றொன்று சதுப்புநிலக் காட்டுக்குள். இரண்டும் சேர்ந்து ஒரு கிலோமீட்டரைச் சற்றுத் தாண்டும். கடல் வற்றியிருக்கும்போது கடலோரப் பாதைக்கே முதலில் போங்கள். கடற்புல் வெளியும் மணல்திட்டும் கண்முன் விரியும். சதுப்புநிலத்தில் ஒரே இடத்தில் ஐந்து நிமிடம் அசையாமல் நில்லுங்கள். வெறும் சேறாகத் தெரிந்த இடத்தில் ஒவ்வொரு வளையிலிருந்தும் நண்டு எட்டிப் பார்க்கும். ஆண் நண்டு ஒற்றைப் பெருங்கொடுக்கை ஆட்டி ஆட்டிப் பெண் நண்டை அழைக்கும். பலகையை விட்டு இறங்கிக் கடலடியில் நடக்க அனுமதியில்லை.

இந்த இடம் மண்ணுக்கடியில் போயிருக்க வேண்டியது. கடலை மண்ணிட்டு நிரப்பும் நிலமீட்புத் திட்டம் தயாராக இருந்தது. இயற்கை ஆர்வலர்களும் பொதுமக்களும் குரல் கொடுத்த பிறகு, 2001 டிசம்பரில் அரசு அதைத் தள்ளிவைத்தது. பலகைப் பாதை 2007-ல் வந்தது.

பிறகு ஏறிப் பார்க்க ஜெஜாவி கோபுரம், ஏறக்குறைய 20 மீட்டர் உயரம். மேலே காற்று அள்ளும். வாசலருகே இருக்கும் பழைய ஆங்கிலேய பாணி வீடு 1930-களில் கட்டப்பட்டது. உள்ளே கணப்பு அடுப்பு உண்டு. இந்த வெக்கையில் எதற்கு என்று கேட்காதவர் இல்லை.

6. திரும்பும் வழி

கால் ஒத்துழைத்தால் கிராமத்துக்கு அருகிலுள்ள பெக்கான் கல்குவாரியை எட்டிப் பாருங்கள். உபின் கருங்கல் ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்துக்கும் ஜோகூர் பாலத்துக்கும் போனது. இப்போது அந்தப் பள்ளத்தில் நீர் நிறைந்து நாரைகள் தங்குகின்றன. வேலிக்கு இப்பாலிருந்து பார்ப்பதோடு சரி, நீந்தக் கூடாது.

கிராமத்துக்கு வந்ததும் இளநீர் வாங்கிக் குடித்துவிட்டு, ஐந்து மணிக்குள் படகுத்துறைக்குப் போய்விடுங்கள். இருட்டத் தொடங்கினால் படகு குறையும். ஞாயிறு மாலையில் வரிசையும் நீளும். பசியிருந்தால் சாங்கி வில்லேஜ் உணவங்காடியில் நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) கிடைக்கும், அதற்கும் வரிசைதான்.