குற்றாலத்துத் திருவிதாங்கூர் அரண்மனை: சாரல் காலத்தில் வருவோருக்கு

வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு ஊர் வரும் நம்மவர்களில் பெரும்பாலோர் பேரருவியில் குளித்து, குற்றாலநாதரைத் தொழுது, அல்வா வாங்கிக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அதே ஊரில் திருவிதாங்கூர் அரச குடும்பத்தினர் ஓய்வுக்காகக் கட்டிக்கொண்ட மாளிகை, மரங்கள் அடர்ந்த பரந்த வளாகத்தோடு இருப்பது அவர்களுக்குத் தெரிவதில்லை. அரை நாள் ஒதுக்கினால் போதும்.

மாளிகையின் வரலாற்றை அறிந்துகொண்டு செல்வது நல்லது. பக்கத்து ஊரான செங்கோட்டை திருவிதாங்கூரையும், 1949 முதல் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தையும் சேர்ந்திருந்தது. அடுத்திருந்த தென்காசியும் குற்றாலமும் ஆங்கிலேயரின் திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தன. ஆக, மகாராஜா தம் எல்லையைத் தாண்டி, பிறர் ஆட்சிக்குட்பட்ட மண்ணில் இந்த மாளிகையை வைத்திருந்தார். மொழிவழி மாநிலப் பிரிவினையில் செங்கோட்டை தமிழகத்துக்கு வந்த பிறகும் மாளிகை கேரள அரசின் உடைமையாகவே நீடிக்கிறது. இன்று தென்காசி மாவட்டத்துக்குள் இருந்தாலும், இதைப் பராமரிப்பது கேரளப் பொதுப்பணித்துறைதான்.

இதனால்தான் அனுமதி பற்றி முன்கூட்டியே விசாரிக்க வேண்டியிருக்கிறது. இது சீட்டு வாங்கி நுழையும் அருங்காட்சியகம் அல்ல; அரசு விருந்தினர் தங்கும் இடமாகவும் இருந்து வருவதால், வாயிலில் இருக்கும் பணியாளரிடம் "பார்த்துவிட்டுப் போகலாமா, ஐயா?" என்று கேட்டு, அவர் காட்டும் எல்லைக்குள் நிற்பதே முறை. உள்ளே விட மறுத்தால் வாதாட வேண்டாம். அன்று அதிகாரிகள் யாரேனும் தங்கியிருக்கக்கூடும். மறுநாள் காலையில் மீண்டும் கேட்டுப் பார்க்கலாம். சனி, ஞாயிறுகளில் ஊரே நெரிசலில் திணறும் என்பதால் வார நாளில் வருவதே உசிதம்.

அனுமதி கிடைத்தால் அவசரப்படாமல் கட்டடத்தை வெளியிலிருந்தே ஒரு சுற்று பாருங்கள். சரிந்து இறங்கும் ஓட்டுக் கூரை, மழைநீர் சுவரில் படாமல் வெளியே நீளும் இறவாணம், சாய்ந்து உட்கார்ந்து சாரலைப் பார்ப்பதற்கென்றே அமைந்தது போன்ற தாழ்வாரம் ஆகியவை மலைக்கு அப்பால் கேரளத்திலிருந்து வந்த கட்டுமான மரபு. மேல்தளமும் முற்றமுமாக இருக்கும் நம் அம்பாசமுத்திரத்து வீடுகளோடு ஒப்பிட்டால் வேறுபாடு உடனே விளங்கும். அரண்மனை என்ற பெயரை நம்பி தர்பார் மண்டபத்தையும் சிம்மாசனத்தையும் எதிர்பார்ப்பவர் ஏமாந்துபோவார். என் கண்ணுக்கு இந்த எளிமைதான் அழகு.

வளாகத்தில் நடக்கும்போது அட்டைப்பூச்சிக்கும் வழுக்கலுக்கும் ஏற்ற காலணி தேவை. குரங்குகள் பையைப் பறிக்கும். தின்பண்டத்தைக் கையில் ஏந்தாதீர்கள். பிள்ளைகள் ஓடியாட விரும்பினால், ஐந்தருவிப் பக்கம் தோட்டக்கலைத் துறையின் சுற்றுச்சூழல் பூங்கா இருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் குற்றாலத்தில் ஜாதிக்காயும் கிராம்பும் பயிரிட்டுப் பார்த்தார்கள். இன்று சாரல் காலக் கடைகளில் மங்குஸ்தானும் ரம்புட்டானும் குவிந்திருக்கும். மங்குஸ்தான் வாங்கும்போது பெருவிரலால் லேசாக அழுத்திப் பாருங்கள். ஓடு சற்றே இளகினால் நல்ல பழம், கல்லாக இருந்தால் வைத்துவிடுங்கள். பழத்தின் அடியில் பூ போன்ற வடுவில் எத்தனை இதழோ, உள்ளே அத்தனை சுளை. வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இது நல்ல விளையாட்டு.

ஜூன் முதல் செப்டம்பர் வரை சாரல் காலம். அருவியில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு பயன்படுத்தத் தடை உண்டு. காவலர் விசிலடித்தால் உடனே வெளியேறுங்கள். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் ஒரு சிறுவனின் உயிரைப் பறித்தது.

சென்னையிலிருந்து பொதிகை விரைவு ரயிலில் தென்காசியில் இறங்கினால், குற்றாலம் ஆட்டோவில் போகும் தூரம்தான். விடுதியில் வெளிநாட்டுக் கடவுச்சீட்டையும், விசா அல்லது ஓசிஐ (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான) அட்டையையும் கேட்பார்கள். நகல்களை ஆளுக்கொரு செட்டாக எடுத்து வாருங்கள். சிறு கடைகளில் வெளிநாட்டு வங்கி அட்டை செல்லாது என்பதால், பழத்துக்கும் ஆட்டோவுக்கும் சில்லறையாகப் பணம் மாற்றி வைத்துக்கொள்ளுங்கள்.