ஆர்க்கிட்டை வெயிலுக்குப் பழக்கிய விதம்

எங்கள் வீவக (சிங்கப்பூர் அரசு அடுக்குமாடி) வீட்டுத் தாழ்வாரத்தில் மேற்கு வெயில் நேராக அடிக்கும். நர்சரியில் நிழல்வலைக்கு அடியில் வளர்ந்த டென்ட்ரோபியம் வகை ஆர்க்கிட் இங்கே வந்ததும் மேல் இலையில் வெளிறிய திட்டு தெரிய, உடனே உள்ளே தள்ளி வைத்து, முதலில் காலை வெயில் மட்டும் கொஞ்ச நேரம் படும்படி பார்த்துக்கொண்டேன். சிங்கப்பூரில் உச்சி வெயில் 12 மணிக்கு இல்லை, 1 மணியை ஒட்டித்தான், அதனால் மதியம் முழுக்க 50 சதவீத நிழல்வலை.

அப்புறம் வாரம் அரை மணி நேரம்போலக் கூட்டினேன். நான் நம்புவது கையைத்தான்: மதியம் தொட்டால் இலை சுடக்கூடாது, சுட்டால் நிழலோ காற்றோ போதவில்லை. கரும்பச்சை லேசான மஞ்சள் கலந்த பச்சையாக மாறினால் பயப்பட வேண்டாம், பழகுகிறது. வெளுத்துக் காய்ந்து பழுப்பு ஓரம் கட்டினால் அது கருகல். அந்த இடம் திரும்பப் பச்சையாகாது, ஆனாலும் மீதி இலை செடிக்கு உணவு தயாரித்துக்கொண்டுதான் இருக்கும், வெட்டிவிடாதீர்கள். தொட்டியையும் திருப்பாதீர்கள், நிழலிலேயே இருந்த பக்கம் திடீரென வெயிலில் மாட்டிக்கொள்ளும்.

நம் தேசிய மலர் வாண்டா மிஸ் ஜோக்கிமுக்குக் குச்சி போன்ற இலை, பழக்கிவிட்டால் முழு வெயிலிலும் நன்றாகப் பூக்கும். ஃபெலனாப்சிஸ் வகை ஆர்க்கிட்டை மட்டும் இதில் இழுக்காதீர்கள், அதற்கு எப்போதும் நிழல்தான்.