பழைய வடகரைச் சாலையின் ஊர் வரலாற்றைத் திரட்டுவது எப்படி?

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து மவுண்ட் எட்ஜ்கம்ப், வெருலம், டொங்காட் வழியாக ஸ்டேங்கருக்குச் செல்லும் பழைய சாலையின் ஊர்களைப் பற்றி எழுத விரும்புவோர் பெரும்பாலும் பெரியவர்களின் நினைவிலிருந்தே தொடங்குகின்றனர். தேதியுள்ள சான்று ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு அவர்களிடம் செல்வதே பயன் தரும் என்பது என் கருத்து.

முதலில் கோயில் அடிக்கல்லையும் பள்ளிச் சுவரின் கல்வெட்டையும் படமெடுங்கள். எழுத்து மங்கியிருந்தால் ஈரத்துணியால் துடைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஆர்வமிகுதியால் வண்ணம் பூசிவிட வேண்டாம். அரசு உதவிபெற்ற இந்தியப் பள்ளிகளின் கட்டடச் செலவில் ஒரு பங்கை ஊர் மக்களே திரட்டியதால், கொடையாளர் பெயர்கள் அங்கே பொறிக்கப்பட்டிருப்பதுண்டு. அவற்றைக் காட்டிக் கேட்டால், "அந்தக் காலத்தில்" என்று பொதுவாகத் தொடங்கும் பேச்சு இன்ன கரும்பாலை, இன்ன குடும்பம் என்று தெளிவடையும்.

குடும்ப வரலாற்றுக்குக் கப்பல் பட்டியல்களே அடிப்படை. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் டர்பனுக்கு வந்தது முதல், இந்தியத் தொழிலாளர்களை ஒப்பந்தத்தின் பேரில் கொண்டுவரும் முறை 1911இல் நிற்கும் வரை வந்தவர்களின் தந்தை பெயர், வயது, சாதி, ஊர், வேலைக்கு அமர்த்திய முதலாளி ஆகியவை அவற்றில் பதிவாகியுள்ளன. ஆனால் எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதியதால் ஒரே முத்துசாமி பல விதமாகத் தோன்றுவார்; ஆகையால் பெயரைத் துரத்தாமல், பழைய குடும்ப ஆவணங்களில் வந்தவர் ஒவ்வொருவருக்கும் தரப்பட்ட குடியேற்ற எண் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

இதழ்களில், 1903இல் தொடங்கிய, காந்தியின் ஏடான இந்தியன் ஒப்பீனியனின் தொடக்க ஆண்டுகளில் தமிழ்ப் பக்கங்கள் உண்டு, பி. எஸ். அய்யரின் ஆப்பிரிக்கன் கிரானிக்கிள் 1908இல் வெளிவரத் தொடங்கியது. 1913இல் இந்தியத் தொழிலாளர்களின் வேலைநிறுத்தம் கரும்புத் தோட்டங்களுக்குப் பரவி மவுண்ட் எட்ஜ்கம்பில் துப்பாக்கிச் சூடு நடந்ததைப் படிக்கும்போது, காந்தியின் ஏடு போராட்டத்தின் ஏடாகவும் இருந்தது என்பதை மறவாமல், அதே வார ஆங்கில நாளேட்டையும் அருகில் வைத்து ஒப்பிடுங்கள்.

ஸ்டேங்கர் 2006இல் குவாடுகுசா ஆனதால் இரு பெயர்களிலும் தேடுங்கள்.

இன்றைய செய்தியையும் இவ்வாறே சேர்த்து வைக்கலாம். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் நீர் சுத்திகரிப்பு நிலையம் சேதமடைந்து டொங்காட் மாதக்கணக்கில் தண்ணீரின்றித் தவித்தது. அப்போதைய நகராட்சி அறிவிப்பு ஒன்றுடன், தண்ணீர் லாரிக்குக் காத்திருந்தவரின் சொல்லையும் தேதியும் தெருப்பெயரும் குறித்துப் பதிந்து, ஒரு படியை குவாசூலு-நடால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்திலுள்ள காந்தி-லுத்தூலி ஆவண மையம் ஏற்குமா என்று கேட்டுப் பாருங்கள்.