பால், தயிர், முட்டையை விட்டபின் தட்டில் விழும் ஓட்டைகள்

இட்லி, சாம்பார், பொரியல், சுண்டல் எல்லாம் ஏற்கெனவே செடிகொடியில் விளைந்தவைதானே, பாலையும் முட்டையையும் நிறுத்திவிட்டால் நனிசைவம் (விலங்கிலிருந்து வரும் எதையும் சேர்க்காத ‘வீகன்’ உணவு) ஆகிவிடும் என்பது நம் ஊரில் பலர் போடும் கணக்கு. பெரும்பாலான தவறுகள் இந்தக் கணக்கிலிருந்தே கிளம்புகின்றன. கறியையும் மீனையும் எடுத்த இடம் எல்லோர் கண்ணுக்கும் தெரியும். தயிரை எடுத்த இடம்தான் தெரிவதில்லை.

புரதத்தை முதலில் பாருங்கள். உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் தேவை. 60 கிலோ ஆளுக்கு 50 கிராம். நாலு பேர் சாம்பாருக்கு 100 கிராம் துவரம்பருப்பு போட்டால், ஒருவருக்குக் கிடைப்பது ஐந்தரை கிராம்தான். இரண்டு வேளைக் காபிக்கு 200 மில்லி பால், ஒரு கிண்ணம் தயிர், ஒரு முட்டை என்று இருந்தவர் மூன்றையும் விட்டால் நாளுக்குச் சுமார் 20 கிராம் குறைகிறது. அதைச் சாம்பார் ஈடுகட்டாது. கறிக்குப் பதில் காளானும் பலாக்காயும் போடுவது இன்னொரு சறுக்கல். மெல்லும் சுகம் இருக்கும். புரதமோ 100 கிராமுக்கு 2, 3 கிராம்தான்.

ஈடாக வைக்க வேண்டியவை விலை குறைந்தவைதான். 30 கிராம் மீல் மேக்கரில் சுமார் 15 கிராம், 50 கிராம் காய்ந்த கொண்டைக்கடலையில் 10, ஒரு கைப்பிடி நிலக்கடலையில் 7. மீல் மேக்கர் நாற்றம் பிடிக்காமல் ஒதுக்குகிறவர்கள் பெரும்பாலும் ஊறவைத்த தண்ணீரைச் சரியாகப் பிழியாதவர்கள். உப்புப் போட்ட கொதிநீரில் பத்து நிமிடம் வைத்து, குளிர்ந்த நீரில் அலசி, இரண்டு முறை ஒட்டப் பிழிந்தபின் மசாலாவில் போடுங்கள்.

பருப்பைத் திடீரென்று கூட்டினால் வயிறு உப்பும். பலர் முதல் வாரத்திலேயே திரும்பிப்போவது இதனால்தான். தோல் நீக்கிய பாசிப்பருப்பில் ஆரம்பித்து, மூன்று வாரத்தில் படிப்படியாகக் கடலை வகைகளுக்குப் போங்கள். கடலையை இரவு முழுக்க ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவைத்தால் வாயு கணிசமாகக் குறையும்.

எந்த மாற்று உணவும் அடைக்காத ஓட்டை வைட்டமின் பி12. பழைய சோற்றிலும் இட்லி மாவிலும் புளிப்பு இருப்பதால் பி12 இருக்கும் என்று நம்ப வேண்டாம். ஸ்பைருலினா என்ற நீலப்பச்சைப் பாசியில் இருப்பதில் பெரும்பகுதி உடலுக்குப் பயன்படாத போலி வடிவம். கல்லீரலில் சேமிப்பு இருப்பதால் பாதிப்பு தெரிய ஓரிரு ஆண்டு, சிலருக்கு அதற்கும் மேல் ஆகும். "ஒன்றும் ஆகவில்லையே" என்ற தைரியம் அதனால் வருவதுதான். கீரையிலும் பருப்பிலும் ஃபோலேட் என்ற இன்னொரு பி வைட்டமின் நிறைய இருப்பதால், பி12 குறைவால் வரும் ரத்தசோகை வெளியே தெரியாமல் மறையலாம். பாதம் மரத்துப்போவது, ஊசி குத்துவது போன்ற உணர்வு என்று நரம்புதான் முதலில் காட்டிக்கொடுக்கும். நாளுக்கு 10 மைக்ரோகிராம் அல்லது வாரம் ஒருமுறை 2000 மைக்ரோகிராம் மாத்திரை போதும். ஒரே தடவையில் குடல் முழுத்திறனோடு ஈர்ப்பது 2 மைக்ரோகிராம் அளவுதான். வார மாத்திரையின் அளவு அவ்வளவு பெரிதாக இருப்பது அதனால்தான். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் மாறுவதற்கு முன்பே மருத்துவரைப் பார்த்து ரத்தத்தில் அளவைச் சோதித்துக்கொள்வது நல்லது.

பாலுக்குப் பதில் தேங்காய்ப்பால் குருமாவுக்குச் சரி, எலும்புக்கு உதவாது. ஒரு டம்ளர் மாட்டுப்பாலில் சுமார் 300 மில்லிகிராம் கால்சியம். தேங்காய்ப்பாலிலும் கடலைப்பாலிலும் சொற்பம். மிளகாய்க் காம்பு போட்டு உறையவைக்கும் நிலக்கடலைத் தயிர் சுவையாக இருக்கும், ஆனால் அதையும் கால்சியக் கணக்கில் சேர்க்க முடியாது. பாலக்கீரையில் கால்சியம் நிறைய என்றாலும் கீரையிலேயே இருக்கும் ஆக்சலேட் என்ற பொருள் அதைப் பிடித்துக்கொள்வதால் உடலில் சேர்வது 5 சதவீதம் அளவே. கேழ்வரகு (100 கிராமில் சுமார் 350 மில்லிகிராம்), எள்ளுருண்டை, கால்சியம் சேர்த்த சோயாப்பால் என்று பிரித்துச் சாப்பிடுங்கள். சோயாப்பால் டப்பாவை நன்றாகக் குலுக்கி ஊற்றுங்கள். சேர்த்த கால்சியம் அடியில் படிந்துவிடும். சோயாப்பால் காபியில் திரிவதற்குக் காரணம் டிகாக்‌ஷனின் புளிப்பும் சூடும். வெதுவெதுப்பான பாலில், சற்று ஆறிய டிகாக்‌ஷனை மெதுவாக ஊற்றினால் பெரும்பாலும் திரியாது.

சாப்பிட்ட கையோடு குடிக்கும் காபியும் டீயும் இரும்புச்சத்தின் எதிரிகள். ஒரு மணி நேரம் கழித்துக் குடித்தாலும் காபியின் தடை குறைவதில்லை. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பு குடித்தால் தடை இல்லை. மீனும் பாலும் போனபின் அயோடினுக்குப் பெரும்பாலும் அயோடின் சேர்த்த உப்புதான் வழி. "இயற்கை" என்று இந்துப்புக்கு மாறினால் அதுவும் போய்விடும்.

கடையில் பச்சைப் புள்ளியை நம்பி வாங்காதீர்கள். பாலும் தேனும் நெய்யும் அதில் அடங்கும். நனிசைவப் பொருட்களுக்கென்று இந்தியாவில் 2022-இல் தனி விதிமுறையும் முத்திரையும் வந்துவிட்டன. ஹோட்டலில் பொங்கலுக்கு நெய், ரோஸ்ட்டுக்கு வெண்ணெய், பரோட்டா மாவில் முட்டையோ பாலோ இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். மாத்திரையிலும் இதே சிக்கல்: வழக்கமான வைட்டமின் டி3 ஆட்டு ரோமக் கொழுப்பிலிருந்து வருவது, கேப்சூல் உறை பெரும்பாலும் ஜெலட்டின். லைக்கனிலிருந்து (பாசியும் பூஞ்சையும் சேர்ந்து வாழும் உயிர்) எடுத்த டி3யும் கிடைக்கிறது. பிரியாணிக்குப் போடும் கல்பாசியும் லைக்கன் வகைதான், ஆனால் அதை அள்ளிப்போட்டால் டி3 கிடைத்துவிடாது.