பத்தாயிரம் டாலரில் பழைய பிக்கப்: பணம் கரையும் இடங்கள்

அமெரிக்காவில் பழைய ஃபுல்சைஸ் பிக்கப் தேடுபவர்கள் பெரும்பாலும் இரண்டு எண்களைப் பார்த்து முடிவெடுக்கிறார்கள்: விலையும் ஓடிய மைலும். ஃபோர்டு எஃப்-150, ஜிஎம் நிறுவனத்தின் செவ்ரலே சில்வராடோ, ராம் 1500, டொயோட்டா டன்ட்ரா என எதுவாக இருந்தாலும், இந்த வண்டிகளை முதலில் கொல்வது மைல் கணக்கு அல்ல. அடியில் பிடிக்கும் துருவும், சில குறிப்பிட்ட ஆண்டு எஞ்சின்களின் பிறவிக் கோளாறும்தான். 1,80,000 மைல் ஓடிய சுத்தமான வண்டி இன்னும் பல ஆண்டுகள் உழைக்கலாம். 90,000 மைலே ஓடிய வண்டியின் சேஸிஸ் அரித்துப்போயிருந்தால் அது காயலான் கடைக்குத்தான் போகும்.

கையில் 10,000 டாலர் இருக்கிறது என்பதற்காக 10,000 டாலர் வண்டியைத் தேடுவதுதான் முதல் தவறு. 8,000 டாலர் வண்டியைத் தேடுங்கள். மீதி 2,000 வண்டி வீட்டுக்கு வந்த முதல் மாதத்திலேயே தேவைப்படும். பதிவுக் கட்டணமும் வரியும் போக, நான்கு டயர் மாற்றினாலே 800 முதல் 1,200 டாலர் ஆகிவிடும். டயரில் பட்டன் ஆழமாக இருக்கிறது என்று திருப்திப்பட வேண்டாம். பக்கவாட்டில் டாட் (DOT) என்ற எழுத்துகளில் தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்கள் தயாரிப்புத் தேதி. 2316 என்றால் 2016ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். அவ்வளவு பழைய ரப்பர் பார்க்கப் புதிதாகத் தெரிந்தாலும், பாரம் ஏற்றி நெடுஞ்சாலையில் போகும்போது பிரிந்துவிடலாம்.

இனி துரு. மிச்சிகன், ஒஹாயோ, பென்சில்வேனியா, நியூயார்க் போன்ற மாநிலங்களில் குளிர்காலம் முழுக்கச் சாலையில் உப்புக் கொட்டுகிறார்கள். அந்த உப்புநீர் சேஸிஸின் பெட்டிப் பகுதிகளுக்குள் புகுந்து உள்ளிருந்தே அரிக்கிறது. அதனால் மேலே நின்று பெயின்ட் பளபளப்பைப் பார்ப்பதில் பயனில்லை. ஒரு பழைய போர்வை, ஒரு டார்ச், ஒரு சிறிய சுத்தியல் எடுத்துப்போய் வண்டிக்கு அடியில் படுத்துவிடுங்கள். பின்சக்கரத்துக்கு மேலே சேஸிஸ் வளைந்து ஏறும் இடம், லீஃப் ஸ்பிரிங் ஷேக்கிள் மாட்டியிருக்கும் இடம், ஸ்டெப்னிக்கு மேலே உள்ள குறுக்குச் சட்டம் ஆகிய மூன்றையும் லேசாகத் தட்டிப் பாருங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். அரித்த இரும்பு மந்தமாகச் சத்தமிடும், சில சமயம் சுத்தியலோடு பெயர்ந்தே வரும். மேலே பழுப்பாகப் படிந்திருக்கும் மெல்லிய துருவுக்குப் பயப்பட வேண்டாம். பேக்கரி பப்ஸ் போல அடுக்கடுக்காக உரிந்தால் விலை பேசவே வேண்டாம், கிளம்பிவிடுங்கள்.

சேஸிஸில் புதிதாகக் கறுப்புப் பூச்சு அடித்திருந்தால் அதைப் பராமரிப்பின் அடையாளம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். விற்பதற்கு முந்தைய வாரம் அடித்த பூச்சு பெரும்பாலும் எதையோ மறைப்பதற்குத்தான். பிரேக் பைப்புகளையும் கையால் தடவிப் பாருங்கள். 1999 முதல் 2006 வரையிலான சில்வராடோவிலும் ஜிஎம்சி சியராவிலும் டிரைவர் பக்கச் சேஸிஸ் ஓரமாகப் பின்னால் ஓடும் பைப்புகள் துருப்பிடித்து வெடிப்பது உப்பு மாநிலங்களில் சாதாரணம். பிரேக் மிதித்ததும் பெடல் தரையைத் தொடும்போதுதான் பலருக்கு அது தெரியவருகிறது.

உடம்பில் துரு முதலில் எட்டிப்பார்க்கும் இடங்கள், கதவுக்குக் கீழே உள்ள ராக்கர் தகடும் கேபினின் பின்கீழ் மூலைகளும். புட்டி போட்டு மறைத்திருக்கிறார்களா என்று பார்க்க ஒரு காந்தம் போதும்: இரும்புத் தகட்டில் ஒட்டும், புட்டியில் வழுக்கும். ஆனால் 2015 முதல் வரும் எஃப்-150இன் உடம்பு அலுமினியம், அதில் காந்தம் எங்குமே ஒட்டாது. அந்த வண்டியிலும் சேஸிஸ் இரும்புதான் என்பதால் சுத்தியல் சோதனையை விடக்கூடாது.

டன்ட்ரா என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்ற நம்பிக்கை நம்மவர்களிடம் பரவலாக இருக்கிறது. 5.7 லிட்டர் எஞ்சின் நல்ல எஞ்சின்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் 2007, 2008 டன்ட்ராக்களின் சேஸிஸ் துருவுக்காக டொயோட்டா ஒரு வழக்கில் சமரசம் செய்துகொண்டு, மோசமானவற்றுக்குச் சேஸிஸையே மாற்றிக் கொடுத்தது. நீங்கள் பார்க்கும் வண்டிக்கு மாற்றினார்களா என்று அதன் வின் (VIN) எனும் அடையாள எண்ணைக் கொடுத்து டொயோட்டா டீலரிடம் கேளுங்கள். மாற்றியிருந்தால் அது ஒரு பெரிய அனுகூலம். 4.7 லிட்டர் வண்டிகளுக்கு 90,000 மைலுக்கு ஒருமுறை டைமிங் பெல்ட் மாற்ற வேண்டும். ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு விலை பேசுங்கள்.

பிராண்டைப் பார்த்து வாங்கி, எஞ்சினையும் ஆண்டையும் பார்க்காமல் விடுவது அடுத்த பெரிய தவறு. ஒரே எஃப்-150இல் இரண்டு எஞ்சின்களின் தலையெழுத்து இரண்டு விதம். 2004 முதல் 2010 வரை வந்த 5.4 லிட்டர் மூன்று வால்வு டிரைடனில் வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் கேம் ஃபேஸரும் டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரும் தேய்கின்றன. எஞ்சின் நன்றாகச் சூடேறி, வண்டி நகராமல் ஐடிலில் நிற்கும்போது டீசல் வண்டி போல டக்டக் என்று அடித்தால் காரணம் பெரும்பாலும் அதுதான். அதே எஞ்சினின் 2008 வரையிலான வண்டிகளில் ஸ்பார்க் பிளக் இரண்டு துண்டாகச் செய்யப்பட்டது. கார்பன் படிந்து இறுகிக் கழற்றும்போது கீழ்த்துண்டு எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டிலேயே உடைந்து நின்றுவிடும். பிளக் மாற்றிய ரசீதைக் கேளுங்கள். 2011இல் வந்த 5.0 லிட்டர் வி8 இந்த பட்ஜெட்டில் கிடைத்தால் என் தேர்வு அதுதான். அதே ஆண்டு வந்த 3.5 லிட்டர் ஈகோபூஸ்ட்டுக்கு இழுக்கும் சக்தி அதிகம். ஆனால் ஆயில் நேரத்துக்கு மாற்றாத வண்டிகளில் டைமிங் செயின் நீண்டுபோய், குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்யும் முதல் சில நொடிகளில் கரகரவென்று சத்தம் வரும்.

2007க்குப் பிறகான 5.3 லிட்டர் சில்வராடோவில், எரிபொருளை மிச்சப்படுத்த ஓடும்போதே நான்கு சிலிண்டர்களை நிறுத்தும் அமைப்பு இருக்கிறது. அந்தச் சிலிண்டர்களின் வால்வைத் தூக்கும் விசேஷ லிஃப்டர் சிக்கிக்கொண்டால் மிஸ்ஃபயர் (சிலிண்டர் சரியாக எரியாமல் போவது) வரும், கேம்ஷாஃப்டும் தேய்ந்துபோகும். சரிசெய்ய ஹெட்டைக் கழற்ற வேண்டும் என்பதால் செலவு பல ஆயிரம் டாலர். 2006 வரையிலான பழைய உடலமைப்பில் வந்த சில்வராடோவுக்கும், அதற்குப் பின் வந்த 4.8 லிட்டருக்கும் இந்தத் தொல்லை கிடையாது. பட்ஜெட் குறைவு, துரு இல்லாத மாநிலத்து வண்டி என்றால் அந்தப் பழைய சில்வராடோவைப் போல மலிவாகப் பழுதுபார்க்கக்கூடியது வேறில்லை.

ராமின் 5.7 ஹெமியில் வரும் டிக்டிக் சத்தம் பலரைக் குழப்புகிறது. குளிரில் ஸ்டார்ட் செய்ததும் கேட்டு, சூடானதும் மறைந்தால் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு போல்ட் உடைந்திருக்கும். எரிச்சலான வேலைதான், ஆனாலும் எஞ்சின் பிழைக்கும். சூடான பிறகும் நிற்காமல் அடித்தால் லிஃப்டரும் கேமும் போகின்றன என்று சந்தேகப்படுங்கள். இந்த எஞ்சினுக்கு மொத்தம் 16 ஸ்பார்க் பிளக் என்பதையும் செலவுக் கணக்கில் சேருங்கள்.

இந்தச் சத்தங்களில் சில குளிர்ந்த எஞ்சினில்தான் கேட்கும். ஆகவே, வருவதற்குள் ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். போனதும் பானெட்டில் கை வைத்துப் பாருங்கள். சுட்டால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லுங்கள். 20, 30 டாலருக்குக் கிடைக்கும், வண்டியின் கணினியைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனரையும் எடுத்துப்போங்கள். எஞ்சின் விளக்கு எரியவில்லை என்பது மட்டும் போதாது. கணினியில் பதிவான பிழைக் குறியீட்டை நேற்றுத்தான் அழித்திருக்கலாம். ஸ்கேனரில், வண்டியின் சுயசோதனைகள் முடிந்தனவா என்று காட்டும் ரெடினஸ் மானிட்டர் பக்கத்தைத் திறந்து, பல வரிகள் முழுமையடையவில்லை என்று காட்டினால், யாரோ சமீபத்தில் அழித்திருக்கிறார்கள் அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள்.

ஓட்டிப் பார்க்கும்போது தெருவைச் சுற்றி வந்தால் போதாது, நெடுஞ்சாலையில் 15 நிமிடமாவது ஓட்டுங்கள். மணிக்கு 40 முதல் 55 மைலில் ஆக்சிலரேட்டரை லேசாக மட்டும் அழுத்திப் பிடித்தபடி போங்கள். மேடு பள்ளச் சாலையில் போவது போல வண்டி நடுங்கினால் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் டார்க் கன்வர்ட்டரைக் கவனியுங்கள். எட்டு கியர் கொண்ட 2015 முதல் 2019 வரையிலான ஜிஎம் வண்டிகளில் இது தெரிந்த பிரச்சினை. ஃபோர் வீல் டிரைவை மண் சாலையிலோ புல்லிலோ சோதியுங்கள். காய்ந்த தார்ச் சாலையில் போட்டுத் திரும்பினால் நல்ல வண்டியே முறுக்கிக்கொள்ளும். ஃபோர் வீலின் ஹை, லோ நிலைகள் இரண்டையும் போட்டுப் பாருங்கள். 2004க்குப் பிறகான எஃப்-150இல் டூ வீலில் லேசாக முடுக்கும்போது முன்சக்கரத்திலிருந்து கரகரப்பு வந்தால், முன் ஹப்பை இணையாமல் பிடித்துவைக்கும் வாக்குவம் (காற்றை உறிஞ்சும் அழுத்தம்) எங்கோ கசிகிறது. சின்னக் குழாய்க் கசிவாகப் பிடித்தால் மலிவு, பல்சக்கரம் தேயும்வரை விட்டால் மலிவல்ல.

கம்பெனி வேலையில் இருந்து வந்த வண்டி என்றால் மைலோடு எஞ்சின் மணிக்கணக்கையும் கேளுங்கள். பல மாடல்களில் டேஷ்போர்டு மெனுவில் அது இருக்கும். மைலை மணியால் வகுங்கள். 1,20,000 மைலை 4,000 மணியில் ஓடியிருந்தால் சராசரி 30. நல்லது. 90,000 மைலுக்கு 6,000 மணி என்றால் சராசரி 15தான். வேலையிடத்தில் நாள் முழுக்க ஐடிலில் நின்ற எஞ்சின் அது. மைல் மீட்டர் அதைச் சொல்லாது.

பாரம் பற்றிய தவறு எல்லாரும் செய்வது. விளம்பரத்தில் 9,000 பவுண்டு இழுக்கும் என்று இருக்கும். இந்த வண்டிகளுக்கு உள்ள அரை டன் என்ற பெயரும் பழைய வழக்கம்தானே தவிர, அளவு அல்ல. டிரைவர் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் மஞ்சள் விளிம்பிட்ட ஸ்டிக்கர்தான் அந்தக் குறிப்பிட்ட வண்டியின் உண்மை. ஆட்களும் சாமானும் சேர்ந்து எவ்வளவு ஏற்றலாம் என்று அதில் இருக்கும். 1,450 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். நான்கு பெரியவர்கள் 700 பவுண்டு. 6,000 பவுண்டு டிரெய்லரின் மூக்கு ஹிட்ச்சின் மேல் அழுத்தும் எடை அதன் 10 முதல் 15 சதவீதம். 12 சதவீதம் என்றால் 720. ஆக 1,420 ஆகிவிட்டது. ஒரு கருவிப் பெட்டி வைத்தால் வரம்பு தாண்டியது. டிரெய்லரே இல்லாமல் ஜல்லி ஏற்றினாலும் அரை கன யார்டே சுமார் 1,400 பவுண்டு வரும். இழுக்கத்தான் வாங்குகிறீர்கள் என்றால் ஆக்சில் விகிதத்தையும் பாருங்கள். ராமில் 3.21ஐ விட 3.92, சில்வராடோவில் 3.08ஐ விட 3.42 அல்லது 3.73 இழுக்க ஏற்றது.

இந்த பட்ஜெட்டில், இவற்றைவிடப் பெரிய முக்கால் டன் டீசல் வண்டிகளும் கண்ணில் படும். 2003 முதல் 2007 வரையிலான ஃபோர்டின் 6.0 லிட்டர் டீசல் மலிவாகக் கிடைப்பதற்குக் காரணம் உண்டு: ஆயில் கூலர், எஞ்சினுக்குத் திரும்பும் புகையைக் குளிர்விக்கும் ஈஜிஆர் கூலர், ஹெட் கேஸ்கெட் என வரிசையாகச் செலவு வைக்கும். தள்ளிப்போங்கள்.

காகித வேலையை விற்பவரின் வார்த்தைக்கு விடாதீர்கள். வண்டியின் உரிமைப் பத்திரமான டைட்டிலில் உள்ள பெயரும் விற்பவரின் ஓட்டுநர் உரிமத்தில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். நண்பருக்காக விற்கிறேன் என்பவர் உரிமமில்லாத வியாபாரியாக இருக்கலாம். காப்பீட்டு நிறுவனங்களின் குற்றத் தடுப்பு அமைப்பான என்ஐசிபியின் இணையதளத்தில் வின் எண்ணை இலவசமாகப் போட்டால் திருட்டு, சால்வேஜ் (பெரும் சேதமடைந்த வண்டி) பதிவுகள் தெரியும். அரசின் சாலைப் பாதுகாப்புத் துறையான என்ஹெச்டிஎஸ்ஏ தளத்தில் நிலுவையில் உள்ள ரீகால் (கோளாறைச் சரிசெய்யத் தயாரிப்பாளர் திரும்ப அழைப்பது) தெரியும். இதைத் தவிர்க்காதீர்கள்: தகாட்டா ஏர்பேக் மாற்றாத 2003 ராம் 1500 வண்டிகளை ஓட்டவே வேண்டாம் என்று 2023இல் எச்சரிக்கை வந்தது. அந்த மாற்றம் டீலரிடம் இலவசம். டெக்சஸ், ஃபுளோரிடா வண்டிகளில் சாலை உப்பால் வரும் துரு பெரும்பாலும் இருக்காது, ஆனால் புயல் வெள்ளத்தில் முங்கியிருக்கலாம். சீட் பெல்ட்டை முழுக்க வெளியே இழுத்து, உள்முனையில் சேற்றுக் கறை இருக்கிறதா என்று பாருங்கள்.

எல்லாம் சரியாக இருந்தால், முன்பணம் கொடுப்பதற்கு முன் சம்பந்தமில்லாத ஒரு மெக்கானிக்கிடம் லிஃப்டில் ஏற்றிக் காட்டுங்கள். 100 முதல் 200 டாலர் ஆகும். விற்பவர் அதற்கு ஒப்பவில்லை என்றால் அதுவே பதில். ஒப்பினால், மெக்கானிக் எழுதிக் கொடுத்த பட்டியலை வைத்தே விலையைக் குறைக்கலாம். வாங்கிய முதல் வாரத்திலேயே எஞ்சின் ஆயில், இரண்டு டிஃபரென்ஷியல் ஆயில், டிரான்ஸ்ஃபர் கேஸ் ஆயில் ஆகியவற்றை மாற்றிவிடுங்கள். வடியும் ஆயிலைப் பழைய வெள்ளைத் துணி வழியே ஊற்றி, அதில் தங்கும் உலோகத் துகளைப் பாருங்கள். மாவு போன்ற சாம்பல் நிறப் பொடி இயல்பு. நகத்தில் சுரண்டி எடுக்குமளவு துண்டுகள் கிடைத்தால் அந்தப் பகுதியை உடனே திறந்து பார்க்க வேண்டும்.